வயிற்றுக் கூறு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கலைவாணியைக் கறிக் கூறுகளுக்கு நடுவே குனிந்தபடி நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் நிமிரவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி, ரோடு முடிந்த பிறகு நடந்து ஏற வேண்டிய ஊர் அது. அங்கிருந்து முதன்முதலாகக் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சென்னைக்குப் போன பெண் கலைவாணி. கப்பலில் வந்து இறங்கும் இறைச்சியில் ஹார்மோன், மருந்து ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. தம்பி தனசேகரனையும் ஊரில் விட்டுவைக்கவில்லை. அதே சென்னையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சொல்லி, ஃப்ரீசர் வண்டி ஓட்டச் சேர்த்துவிட்டாள்.

இன்று தனசேகரனின் மனைவி செவ்வந்திக்கு ஏழாம் மாத வளையல். இதற்கு முன்னால் தங்காமல் போனவை இரண்டு. இது தங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தம்பிக்காரன் ஊருக்கே கறி கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

தேக்கு இலைகளை வரிசையாகப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கூறாக மாதையன் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் கறி பிரிப்பது என்றால் அவர் கைதான். ஒரு கூறில் எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு எல்லாமே கொஞ்சமாவது இருந்தால்தான் அவருக்கு அது கூறு. இன்று வந்திருப்பதோ எலும்பே இல்லாத ஆடு. ஈரல் கிடையாது, தலை கிடையாது. செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிய சதை, அதுவும் உள்ளே இன்னும் பனி விடாத கட்டி. இந்த ஆடு உயிரோடு இருந்தப்ப எப்படிடா நின்றது என்று தனசேகரனைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்கும்போதெல்லாம் தானே சிரித்துக்கொண்டார்.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு இந்த ஊரில் இரண்டு கூறு. ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றில் இருப்பதற்கு. பிறக்காத பிள்ளையும் ஊரில் ஒரு தலைதான். அந்த வயிற்றுக் கூறில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்தப் பிள்ளையை ஊர்க் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாக அர்த்தம்.

அந்த வயிற்றுக் கூறில்தான் ஓட்டை இருந்தது.

சுண்டுவிரல் நுழைகிற அளவு, நல்ல வட்டம். உள்ளே சுற்றிச் சுற்றி ஒரு கீறல் இறங்கியிருந்தது.

"குண்டு பாஞ்ச எடம்," என்றார் மாதையன், கலைவாணி பார்ப்பதைப் பார்த்து. "வெளிநாட்டுல ஆட்டக்கூட சுட்டுத்தான் சாய்ப்பாங்க போலக்கீது. குண்டு பட்ட எடத்துக் கறி ருசி தனி. அதான் புள்ளைக்கி வெச்சேன்."

அது குண்டு இல்லை. கலைவாணி போட்ட துளை.

உறைந்த கறியில் மாதிரி எடுக்கக் குழாய் மாதிரி ஒரு துளைக்கருவி உண்டு. அவளுடைய கருவியில் ஒரு பல் உடைந்திருந்தது. மாற்றித் தரச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த உடைந்த பல் போடுகிற கீறல் அவளுக்குத் தன் கையெழுத்து மாதிரி. போன மாதம் கிடங்குக்குள் பல் கிட்டிக்கும் குளிரில் நின்று இந்தச் சரக்கைத் துளைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூட வந்த அதிகாரி இளவரசன், இவ்வளவு சுத்தமாகத் துளை போட இந்த ஆபீசில் வேறு ஆளில்லை என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். லைன் கிடைக்கிறவரை ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம்கூட அதைச் சொல்லியிருந்தாள்.

சோதித்ததில், மிருகத்துக்குச் சீக்கிரம் சதை பிடிக்க ஏற்றுகிற ஒரு செயற்கை ஹார்மோன் வந்தது. தடை செய்யப்பட்டது, துளிகூட இருக்கக் கூடாதது. சாப்பிடத் தகாது, மொத்தத்தையும் அழித்துவிடுங்கள் என்று முடிவு கொடுத்ததும் அவள்தான். அழிப்பது என்றால் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பது. புதைத்திருக்க வேண்டிய கறி தேக்கு இலையில் செவ்வந்தியின் பெயர் சொல்லி உட்கார்ந்திருந்தது.

தம்பியை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் எதையும் மறைக்கிற மாதிரியே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குழியில் கொட்டச் சொல்லி வண்டியில் ஏற்றினார்களாம். பெட்டியைத் திறந்து பார்த்தானாம். ஒன்று ஏற்கெனவே திறந்த பெட்டியாக இருந்ததால் அதையும் பக்கத்துப் பெட்டியையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டானாம். ஏதோ திருட்டுச் செய்தவன் மாதிரி இல்லை, கிணற்றில் விழுந்த கன்றைத் தூக்கியவன் மாதிரிச் சொன்னான்.

"மோந்து பார்த்தேங்க்கா. நாத்தம் இல்ல. நெறம் மாறல. நம்ம ஊருல வருசத்துக்கு எத்தினி தபா கறி திங்கிறாங்க, சொல்லு. அதப் போயி மண்ணுல கொட்டச் சொல்றாங்களே, அவங்களுக்கு இன்னா தெரியும்னு நெனச்சேன்."

"வேணாம்னு சொன்னது நான்டா."

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான்.

"இன்னா கெட்டுப்போச்சி அதுல?"

ஹார்மோன் என்றாள். கண்ணுக்குத் தெரியுமா என்றான். தெரியாது. வாசனை வருமா? வராது. வேக வைத்தால் போகுமா? போகாது. சாப்பிட்டால் சாவார்களா? அதுவும் இல்லை. பின்னே என்னதான் ஆகும் என்று கேட்டான். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல இந்த மருந்துக்கு அளவே கிடையாது. அதனால்தான் துளிகூடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

"இன்னா ஆவும்னு சொல்ல முடியாதுடா. ஒண்ணும் ஆவாதுன்னும் சொல்ல முடியாது. அவ வாயில மட்டும் படக் கூடாது."

தனசேகரன் தரையைப் பார்த்தான். நேற்று வந்ததுமே கொஞ்சம் வறுத்துச் செவ்வந்திக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். எவ்வளவு என்று கேட்டாள். அவனாகவே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினானாம், வாய்க்குக் கறி பிடித்து ரொம்ப நாள் ஆச்சு என்று அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாளாம்.

போனது போகட்டும், இருப்பதையாவது நிறுத்த வேண்டும் என்று கலைவாணிக்குத் தோன்றியது. வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"எங்கயும் சொல்லிடாதேக்கா," என்றான் தம்பி. "பொதைக்க வேண்டியத எடுத்தேன்னு தெரிஞ்சா வேல போறது மட்டுமில்ல, உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. புள்ள பொறக்கறப்ப நான் இங்க இருக்கணும்."

அவள் முற்றத்துக்கு வந்தாள். ஊர்ப் பெண்கள் கூறுகளை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். செவ்வந்தி, புதுப் புடவையில் வயிற்றைத் தாங்கியபடி, தன் இரண்டு இலைகளை எடுக்கக் குனிந்தாள். கலைவாணி குறுக்கே போய், வயிற்றுக் கூறை இலையோடு வாரி எடுத்து, நேராக எருக்குழிக்குப் போய் வீசிவிட்டாள்.

யார் வீட்டு நாயோ எருக்குழியை நோக்கி ஓடியது.

ஆய்வகத்தில் அழி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குமேல் ஆள், வண்டி, குழி எல்லாம் அதிகாரம் பார்த்துக்கொள்ளும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தவள் அவள். இங்கே அவள் எறிந்தது கெட்ட கறி இல்லை. ஊர் கண்ணுக்கு அவள் ஒரு பிள்ளையின் பங்கை எறிந்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"அண்ணி," என்றாள் செவ்வந்தி. "எம் புள்ளைக்கி வெச்சது அண்ணி அது."

கலைவாணி எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். இந்தக் கறியைச் சாப்பிடாதீர்கள், இதில் மருந்து கலந்திருக்கிறது, ஆய்வகத்தில் நானே சோதித்தேன் என்றாள். மாதையன் பக்கத்து இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் வைத்து நிதானமாக முகர்ந்தார். வயசான கைக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை என்கிற மாதிரித் திருப்பி வைத்தார்.

"நீ வேணாம்னு தள்ளின கறி இங்க எப்பிடி வந்துச்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஊரே அவள் வாயைப் பார்த்தது. தனசேகரன் கொட்டகை ஓரத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசில் ஏதாவது உடைத்துவிட்டு அம்மா கேட்கும்போது அவன் இப்படித்தான் பார்ப்பான், அவள் பழியை ஏற்றுக்கொள்வாள்.

"கம்பெனியில பெட்டி மாத்தி அனுப்பிட்டாங்க," என்றாள்.

அவ்வளவுதான் முடிந்தது. பாதி உண்மைக்கு எந்த ஊரிலும் மதிப்பில்லை. பெட்டி மாறியது தம்பிக்கே தெரியாமல் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். பட்டணத்துக்காரி ஆனதும் இங்கே போடுகிற கறி இறங்கவில்லை என்றாள் இன்னொருத்தி. ஒருவர் பின் ஒருவராகக் கூறுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு மசாலா அரைக்கிற சத்தம் கேட்டது.

அம்மா மங்கம்மாள் அவளை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவிடம் மட்டும் முழுசாகச் சொன்னாள் கலைவாணி. மங்கம்மாள் நம்பினாள். மகளை அவள் எப்போதும் நம்பியிருக்கிறாள். நம்பியதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு கொடுமையாக இருந்தது.

செவ்வந்தியிடம் சொல்லக் கூடாது என்றாள் அம்மா. சொன்னால் இன்றிலிருந்து பிள்ளை பிறக்கிறவரை அவள் தூங்க மாட்டாள். பிறந்த பிறகும் அதற்கு ஒரு ஜுரம் வந்தால், பல் முளைக்க லேட்டானால், படிப்பு ஏறாவிட்டால், எல்லாவற்றுக்கும் இந்தக் கறிதான் காரணம் என்று புருஷன் மூஞ்சியைப் பார்ப்பாள். தின்றதைத் திருப்பி எடுக்க உன் படிப்பில் வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு சொல்லணும்? அவ நிம்மதியாச்சும் மிஞ்சட்டும்."

கலைவாணியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஏற்கெனவே தின்றது வேறு, இன்னும் தின்பது வேறு. அதைச் சொல்ல வாயெடுத்தபோது வெளியே பெண்கள் சேர்ந்து வருகிற சத்தம் கேட்டது.

வயிற்றுக் கூறு வீணானால் இந்த ஊர் சும்மா இருக்காது. மாதையன் வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பியிருந்தார். எறியப்பட்ட பங்கை ஊர் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை மறுபடி கணக்கில் சேரும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தங்கள் குழம்பிலிருந்து நல்ல துண்டாகப் பொறுக்கி, கிண்ணத்தில் மூடி எடுத்து வந்தார்கள். தன் பிள்ளைகளுக்கே போதாத வீட்டுக்காரி சகுந்தலாவும் வந்தாள். செவ்வந்தி முன்னால் போட்ட இலையில் ஒவ்வொருத்தியும் தன் துண்டை வைத்து, பிள்ளை நல்லபடி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

கலைவாணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எறிந்தது ஒரு கூறு. இப்போது இலையில் குவிந்திருப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். அத்தனையும் அன்பு. அதில் ஒரு துண்டைக்கூடக் குறை சொல்ல முடியாது.

வளையல் போடுகிற நேரம் வந்தது. முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். கலைவாணி எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். செவ்வந்தி தன் கையைத் தரவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி, கலைவாணி சொன்னாள்.

"எம்மேல கோவப்படு. வளையல் வேணாம்னு சொல்லு. அந்த இலையில மட்டும் கை வைக்காத, செவ்வந்தி."

செவ்வந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் மட்டும் இல்லை. கேட்கத் தயாராக இருந்தாள் என்பதைக் கலைவாணி பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

"காரணம் சொல்லுங்க அண்ணி. நெசமான காரணம். சொன்னா நான் தொட மாட்டேன்."

கலைவாணி தலையைத் திருப்பினாள். தம்பி செவ்வந்திக்குப் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தான். அம்மா வாசலில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். புதைக்க வேண்டியதை உன் புருஷன் எடுத்துவந்தான் என்று ஒரே ஒரு வாக்கியம். அது வாய்வரை வந்தது. பிள்ளை பிறக்கும்போது நான் இங்கே இருக்க வேண்டும் என்று அவன் சொன்னதும் கூடவே வந்தது.

அவள் சொல்லவில்லை.

செவ்வந்தி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சாமைச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். சுற்றியிருந்த பெண்களின் முகத்தில் தெளிவு வந்தது. மாதையன் திருப்தியாக எழுந்து வெற்றிலை போடப் போனார். கடைசித் துண்டுவரை அவள் விடவில்லை, வயிற்றைத் தடவித் தடவிச் சாப்பிட்டாள்.

வெயில் சாய்ந்ததும் ரோடு வரை நடந்து இறங்கி, அங்கிருந்து தனசேகரன் அவளைப் பைக்கில் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். போளூர் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், தனக்குத்தானே ஆறுதல் தேடுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

"ரெண்டு பெட்டியோட போச்சி. மீதிய பொதைச்சிட்ட இல்ல, அது போதும்."

தனசேகரன் கீழே நின்றபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். காலையில் அக்காவிடம் சொல்லாமல் விட்டது ஒன்று அவனிடம் இருந்தது. இன்று தனக்காக அவள் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகு அவனால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

"குழியே கெடையாதுக்கா."

அவளுக்குப் புரியவில்லை.

"நான் சேந்ததுல இருந்து ஒரு வண்டிகூட குழிக்குப் போனதில்ல. சென்னையிலயே ஒரு குடோன் கீது, அங்க எறக்கச் சொல்வாங்க. அங்கேர்ந்து ஓட்டலு, கல்யாண மண்டபம்னு போவும். நீ வேணாம்னு சொன்னது எல்லாமே போச்சிக்கா. அதான் எல்லாரும் துன்றாங்களேன்னு நம்ம ஊருக்கும் ரெண்டு பெட்டி கேட்டு வாங்கினேன்."

"யார்கிட்ட கேட்ட?"

"உங்கூட மாதிரி எடுக்க வருவாரே, இளவரசன் சாரு. அவர்தான் எங்க எறக்கணும்னு போன்ல சொல்லுவாரு. உங்கக்கா எனக்குத் தங்கச்சி மாதிரி, எடுத்துக்கோன்னாரு."

பஸ் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். தனசேகரன் அவசரமாகப் பையிலிருந்து தேக்கு இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான். செவ்வந்தி கொடுத்தனுப்பினாளாம். கோபம் கோபம்தான், பொறந்த வீட்டுப் பொண்ணுக்குக் கூறு இல்லாமல் அனுப்பக் கூடாது என்றாளாம். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

வண்டி மலையிறங்க ஆரம்பித்தது. வளைவு ஒன்றில் சிக்னல் கிடைத்து, காலையிலிருந்து செத்துக்கிடந்த போன் அடித்தது. இளவரசன் சார். எடுத்தாள்.

வளையல் விசேஷம் நல்லபடி முடிந்ததா என்று அக்கறையாக விசாரித்தார். தம்பி மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாளைக் காலையில் புதுச் சரக்கு வந்து இறங்குகிறது, நேராகக் கிடங்குக்கே வந்துவிடு, உன் கை மாதிரி வராது என்றார். துளைக்கருவிக்குப் புதுப் பல்கூட வந்துவிட்டதாம்.

தனசேகரன் சொன்னதெல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. இவரைக் காட்டிக்கொடுத்தால் வண்டி ஓட்டிய தம்பியையும் காட்டிக்கொடுக்க வேண்டும். மடியில் இருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வர்றேன் சார்," என்றாள் கலைவாணி.